மசினகுடி ‘ஜீப் சஃபாரி’க்கு அட்வான்ஸ் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்

விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மசினகுடி, முதுமலைப் பக்கம் போகலாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். போன காலாண்டு விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் திருப்பூரிலிருந்து போனோம். பெட்ரோல் போக 17,000 ரூபாய்க்கு மேல் செலவானது. அதில் பெரும்பகுதி ஏமாந்து கொடுத்த பணம். பணத்தைக்கூட விடுங்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு யானைக்கு முன்னால் நாங்கள் நின்ற அந்த இரண்டு நிமிஷம் இன்னும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுமலை புலிகள் காப்பகத்துக்குள் சஃபாரி என்றால் அது வனத்துறை நடத்துவது மட்டும்தான். தெப்பக்காட்டில் இருக்கும் வரவேற்பு மையத்தில் சீட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். மசினகுடி கடைவீதியிலும் ரிசார்ட்டிலும் ‘ஜீப் சஃபாரி’ என்று விற்கிறார்களே, அந்த வண்டிகள் காட்டுக்குள் போவதே இல்லை. போகவும் கூடாது. ஊர்க்காரர்கள் தினமும் போய்வரும் தார்ச் சாலையில் ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொள்வார்கள். இது தெரியாமல்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. யானை என்றால் உயிர். பார்க்கப்போகும் விலங்குகளின் பெயரை எல்லாம் ஒரு பழைய கணக்கு நோட்டில் எழுதி, பக்கத்தில் டிக் போடக் கட்டம் வரைந்து வைத்திருந்தாள். அவளுக்காகத்தான் இந்தப் பயணமே. செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. காட்டுக்குள் மர வீடு, மூன்று வேளைச் சாப்பாடு, ஜீப் சஃபாரி, நைட் சஃபாரி, கேம்ப் ஃபயர் எல்லாம் சேர்த்து ஐந்து பேருக்கு 13,000. பேசியவர் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். “குழந்தைங்க இருக்காங்களா மேடம், கவலையே படாதீங்க, யானை கேரண்டி” என்றார். பாதிப் பணம், 6,500 ரூபாய், ஜிபேயில் அனுப்பினோம். ரிசார்ட் பெயரில் இல்லாமல் தனி ஆள் பெயரில் கணக்கு வந்தபோதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. வீட்டுக்காரர் “கணக்குப் பார்க்கிற பையனாக இருக்கும்” என்றார். நானும் விட்டுவிட்டேன்.

வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் போக ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-பாஸை எடுத்துத் தருகிறேன் என்று அதற்கு 500 ரூபாய் தனியாக வாங்கினார். தயவுசெய்து இதைக் கவனியுங்கள், நீலகிரி இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு இணையதளத்தில் வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, தங்குமிடம் எல்லாம் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாம். கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு வைக்கிறார்கள், அப்போது மட்டும் முன்கூட்டியே எடுத்துவைப்பது நல்லது. அரசுப் பேருந்தில் போனால் இந்த வேலையே இல்லை.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். கல்லாறு சோதனைச் சாவடியில் இ-பாஸையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் பார்த்தார்கள், அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. ஊட்டி தாண்டி தலைக்குந்தாவில்தான் முதல் அடி. “கல்லட்டி வழியா இறங்கிடுங்க, ஒரு மணி நேரம்” என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். அங்கே நின்ற போலீஸ்காரர் எங்கள் வண்டி எண்ணைப் பார்த்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார். 36 கொண்டை ஊசி வளைவு உள்ள செங்குத்தான பாதை அது. பிரேக் பிடிக்காமல் எத்தனையோ வண்டிகள் பள்ளத்தில் விழுந்திருக்கின்றன. வெளி மாவட்ட வண்டிகள் அந்த வழியில் கீழே இறங்க அனுமதி இல்லை. ரிசார்ட்காரருக்குப் போன் போட்டால், “லோக்கல்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறோம்னு சொல்லுங்க மேடம்” என்கிறார். பின் சீட்டில் அத்தையும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டு பொய் சொல்லி அந்த மலையில் இறங்கச் சொல்கிறாரே என்று அப்போதே எனக்கு வயிறு எரிந்தது. நேரே பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தொரப்பள்ளி, தெப்பக்காடு என்று சுற்றி மசினகுடி போய்ச் சேரும்போது மணி மூன்று.

மர வீடு இல்லை. “அது மெயின்டனன்ஸ்ல இருக்குங்க” என்று சொல்லி ஊருக்குள்ளேயே ஒரு வீட்டின் மாடியில் இரண்டு அறை கொடுத்தார்கள். ஒன்றின் தாழ்ப்பாள் உடைந்திருந்தது, நாற்காலியை முட்டுக் கொடுத்துப் படுத்தோம். ரசீது கேட்டால் வெள்ளைத் தாளில் பேனாவால் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். விடுதிப் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை. போட்டோவில் பார்த்த மர வீடு எது என்று அன்று மாலை டீக்கடையில் விசாரித்தோம். அது சீல் வைத்து மூடிய பழைய ரிசார்ட் மாதிரித் தெரிகிறது என்றார்கள். மசினகுடி இருக்கும் சிகூர் பகுதி யானைகளின் வலசைப் பாதை. 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி இங்கே நிறைய ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் வந்த தீர்ப்பும் வலசைப் பாதையைக் காலிசெய்ய வேண்டும் என்றே சொன்னது. ஆனாலும் அந்தப் பழைய போட்டோக்கள் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதனால் ‘காட்டுக்குள்ளேயே ரிசார்ட்’ என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அதையே முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலரை மணிக்கு ஜீப் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு ஓட்டுநர் சொல்கிறார், “அக்கா, பேக்கேஜ்ல இருக்கிறது சின்ன ரவுண்டுதான். உள்காடு போகணும்னா 3,500 எக்ஸ்ட்ரா. யானை அங்கேதான் இருக்கும்.” மகள் நோட்டைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். கொடுத்தோம்.

மாயாறு போகும் ரோட்டில் வண்டி போனது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடிப் புதர், நடுவே நல்ல தார் ரோடு. கொஞ்ச தூரம் போனதும் எதிரே பால் கேன் கட்டிய பைக் ஒன்று வந்தது. அதன் பின்னால் மின்வாரிய ஜீப் வந்தது. மாயாறு மின் நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் வழக்கமாகப் போய்வரும் ரோடு இது. அத்தைதான் முதலில் கேட்டார், “ஏம்ப்பா, இதுதான் உள்காடா?” ஓட்டுநர் பதில் சொல்லவில்லை.

அப்புறம்தான் யானையைப் பார்த்தோம். ரோட்டிலிருந்து இருபதடி தள்ளி, புதருக்குள் ஒரு பெண் யானை. அதன் காலுக்கு இடையில் குட்டி. அது பாட்டுக்குப் புல்லைச் சுருட்டி, காலில் தட்டி மண்ணை உதறித் தின்றுகொண்டிருந்தது. அந்த நிமிஷத்தோடு நகர்ந்து போயிருந்தால் அந்த 3,500 ரூபாய்க்காக நான் வருத்தப்பட்டிருக்கவே மாட்டேன். யானை முகம் காட்டவில்லை என்று ஓட்டுநர் ஹாரன் அடித்தார். நாங்கள் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் ஆக்சிலரேட்டரை இரண்டு தடவை உறும மிதித்தார். “இப்ப திரும்பும் பாருங்க, போட்டோ எடுத்துக்கங்க” என்றார். யானை திரும்பியது. காதை விரித்துத் தலையை ஒரு உலுக்கு உலுக்கியது. தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு எட்டு, பத்து தப்படி எங்களை நோக்கி ஓடிவந்தது. குட்டி பின்னால் மறைந்துகொண்டது. அத்தை மகளை இழுத்து மடியில் கவிழ்த்துப் படுத்துவிட்டார். ஐந்து வயது மகனுக்கு அழுகைகூட வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. ஜீப் கியர் விழாமல் கரகரவென்று சத்தம் போட்டது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. கடவுள் புண்ணியத்தில் யானை ரோட்டு ஓரத்தில் நின்றுவிட்டது. சும்மா மிரட்டியதுதான், நிஜமாகத் துரத்தவில்லை என்று மறுநாள் வனக்காவலர் விளக்கினார். அது நிஜமாக வந்திருந்தால் திறந்த ஜீப்பில் நாங்கள் என்ன செய்திருப்போம்? அதைவிட, குட்டியை வைத்துக்கொண்டு அமைதியாக மேய்ந்த ஒரு தாயை எங்கள் பொழுதுபோக்குக்காக அப்படிப் பதற வைத்துவிட்டோமே என்பது எனக்குத் தாங்கவில்லை. 2021 ஜனவரியில் இதே மசினகுடிப் பக்கம் ஒரு காட்டு யானை மேல் எரியும் டயரை வீசி, அந்தக் காயத்தோடு அலைந்து அது செத்துப்போன செய்தி பலருக்கு நினைவிருக்கும். அங்கே யானைக்குத் தினமும் எத்தனை தொல்லை என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

திரும்பி வந்ததும் நைட் சஃபாரி ஒன்பது மணிக்கு என்றார்கள். டீக்கடைப் பெரியவர் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, “ராத்திரி சஃபாரின்னு ஒண்ணும் கிடையாதுங்க. டார்ச் அடிச்சு மானைக் காட்டுவாங்க. பாரஸ்ட்காரங்க பிடிச்சா உங்களுக்கும் சேர்த்துத்தான் பைன்” என்றார். அவர் மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் அதற்கும் போயிருப்போம். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை காப்பகத்தின் நடுவே போகும் நெடுஞ்சாலையில் சாதாரண வாகனங்களையே விடுவதில்லை. 2009-இல் கர்நாடகத்தின் பந்திப்பூர்ப் பக்கம் தொடங்கிய தடை இது, நம் பக்கம் தொரப்பள்ளியிலும் அந்த நேரத்தில் கேட்டைச் சாத்திவிடுகிறார்கள். விலங்குகள் அடிபட்டுச் சாகக் கூடாது என்பதற்காக ரோட்டையே மூடி வைத்திருக்கும் இடத்தில், ராத்திரி சஃபாரிக்கு யார் அனுமதி கொடுப்பார்கள்? நாங்கள் வேண்டாம் என்றதற்கு, அந்தப் பணத்தைக் கழிக்க மாட்டோம் என்றார்கள். மீதி 6,500-ஐ முழுதாக வாங்கிக்கொண்டுதான் மறுநாள் பைகளை எடுக்கவே விட்டார்கள்.

மறுநாள் விடியற்காலை வீட்டுக்காரர் பிள்ளைகளை எழுப்பி, “வா, நிஜமான சஃபாரிக்குப் போகலாம்” என்றார். மசினகுடியிலிருந்து தெப்பக்காடு ஏழு கிலோமீட்டர்தான். வரவேற்பு மையத்தில் வரிசையில் நின்று வனத்துறை வேனுக்குச் சீட்டு வாங்கினோம். ஐந்து பேருக்கும் சேர்த்து, முந்தின நாள் ஜீப்காரர் கூடுதலாக வாங்கியதைவிடக் குறைவு. அச்சடித்த ரசீது. வண்டி பிரதான ரோட்டை விட்டு மண் பாதையில் திரும்பியதும் எல்லோரும் தானாகவே அமைதியாகிவிட்டார்கள். ஒரு திருப்பத்தில் ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். காட்டுமாடுகள், நாம் காட்டெருமை என்று சொல்கிறோமே அவைதான், ஒரு கூட்டமாக நின்றன. காலில் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கிறதே என்று மகள் காதோடு சொன்னாள். ஒரு கடமான், நிறையப் புள்ளிமான், மரத்தில் கருங்குரங்கு. புலி பார்க்கவில்லை. யாரும் கேரண்டி கொடுக்கவும் இல்லை.

அங்கிருந்து யானைகள் முகாம். காலை எட்டரை மணிக்கு உணவு கொடுக்கிறார்கள். ராகிக் களி, கொள்ளு, சோறு எல்லாம் பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு யானைக்கும் அதன் உடம்புக்கும் வயதுக்கும் தகுந்த மாதிரி அளவு. பாகன் உருண்டையை நேராக வாய்க்குள் வைக்கிறார், அது கண்ணை மூடி மெல்லுகிறது. மகன் அப்போதுதான் முந்தின நாள் பயம் தெளிந்து சிரித்தான்.

இவ்வளவும் எங்களுக்கு முதல் நாளே கிடைத்திருக்கும். தெப்பக்காட்டில் வனத்துறை விடுதிகள் இருக்கின்றன, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தங்குமிடமும் இருக்கிறது. ஆடம்பரம் கிடையாது, ஆனால் பணம் அரசுக் கணக்குக்குப் போகிறது, ரசீது வருகிறது. கார் கூட வேண்டாம், ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக மைசூர் போகும் பேருந்துகள் தெப்பக்காட்டைத் தாண்டித்தான் போகின்றன. கோடையில் காடு காய்ந்து காட்டுத்தீ பயம் வந்தால் சில நாள் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள், அதனால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் இடத்தில்தான் தங்குவீர்கள் என்றால் விடுதியின் முழுப் பெயர், உரிமம், அந்தப் பெயரிலேயே வங்கிக் கணக்கு, இந்த மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். மசினகுடியில் முறையாக உரிமம் வாங்கி நேர்மையாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுவார்கள்.

ஊர் திரும்பியதும் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். அறை கொடுத்துவிட்டதால் மோசடி என்று நிரூபிப்பது சிரமம் என்றார்கள், ஆனாலும் பதிவு எண் கொடுத்தார்கள். யானையை ஹாரன் அடித்துச் சீண்டியதை ஜீப் எண்ணோடு தனி மனுவாக எழுதி வனத்துறைக்கு அனுப்பியிருக்கிறேன். பணம் கட்டியும் ஆளே கிடைக்காமல் போனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், சீக்கிரம் சொன்னால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ரசீது, அந்த வெள்ளைத் தாள் எல்லாவற்றையும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த ஆள் இப்போது என் எண்ணைப் பிளாக் செய்துவிட்டார். வேறு பெயரில் அதே மர வீட்டுப் போட்டோவோடு போன வாரம் திரும்ப விளம்பரம் வந்திருக்கிறது. அதனால்தான் இன்றே உட்கார்ந்து இதை எழுதினேன்.