பிளஸ் டூ ரிசல்ட் சமயத்துல நம்ம ஜெராக்ஸ் அண்ணன் கடை – 5க்கு 4 ஸ்டார்

கடைக்குப் பேரு கிடையாது. இருந்திருக்கும், ஆனா போர்டு வெயில்ல வெளுத்துப்போயி இப்ப "ஜெராக்ஸ்"ங்கறது மட்டும்தான் தெரியுது. சேலம் அஸ்தம்பட்டி பக்கத்துல ஒரு சந்துக்குள்ள, தட்டுவடை செட் வண்டி ஒண்ணு நிக்கும், அதுக்கு எதுத்தாப்புல. கரெக்டா அட்ரஸ் போடலாமாண்ணான்னு கேட்டேன், "இருக்கற கூட்டத்துக்கே ஃபேன் பத்தல கண்ணு, போடாத"ன்னுட்டாரு. அதனால தேடிக்கங்க.

சித்தி பையன் இந்த வருசம் பிளஸ் டூ. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு அப்ளிகேசன் போடணும், வீட்ல சிஸ்டம் இருக்கு, போன் இருக்கு, ஆனா சித்திக்கு கடையில போய் போட்டாத்தான் போட்ட மாதிரி. சரின்னு மே மாசம் ஒரு சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு கூட்டிட்டுப் போனேன், வெளிய வர்றப்ப மணி ரெண்டே கால். நாலு மணி நேரம். அதுல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தது முக்கால் மணி நேரம் இருந்தா அதிகம், மிச்சமெல்லாம் வாசல்ல இருக்கற பெஞ்சுலதான்.

முதல்ல நல்லது. இந்த அண்ணன் உங்களுக்காக ஃபார்ம் ஃபில் பண்ண மாட்டாரு. பையன உக்கார வச்சு கீபோர்ட அவன்கிட்ட தள்ளி விட்டுருவாரு, பக்கத்துல நின்னு எது எங்கன்னு மட்டும் சொல்லுவாரு. முதல்ல எனக்கே எரிச்சல்தான், காசு வாங்கிட்டு நம்மளையே டைப் பண்ணச் சொல்றாரேன்னு. ஆனா போன வருசம் எங்க அத்தை பொண்ணுக்கு நடந்தது ஞாபகம் வந்துச்சு, அவ போன வேற ஒரு கடையில அவசரத்துல கடைக்காரர் தன்னோட மொபைல் நம்பரையும் தன்னோட மெயில் ஐடியையும் போட்டு ரிஜிஸ்டர் பண்ணிட்டாரு, அப்ப யாரும் கண்டுக்கல, எந்தெந்த காலேஜ் வேணும்னு வரிசையா போடற சாய்ஸ் ஃபில்லிங் வந்தப்ப ஓடிபி எல்லாம் அவர் போனுக்குப் போகுது, அவர் பழனிக்குப் போயிருக்காரு, போன் எடுக்கல. அப்புறம் உதவி மையத்துக்கு அலைஞ்சு சரி பண்ணினாங்க, அந்த ரெண்டு நாள் அந்த வீட்ல யாரும் சோறு திங்கல. இங்க அண்ணன் கேக்கற முதல் கேள்வியே "உன் சொந்த நம்பர் இருக்கா, அது இன்னும் ஒரு வருசத்துக்கு இருக்குமா"ங்கறதுதான். பாஸ்வேர்ட நோட்ல எழுத வச்சு அந்தப் பக்கத்த அம்மாகிட்ட குடுக்கச் சொல்றாரு. இதுக்கே ரெண்டு ஸ்டார் குடுக்கலாம்.

இன்னொண்ணு, "எந்த காலேஜ் நல்லாருக்கும்ணா"ன்னு யார் கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டாரு. ஒருத்தங்க அம்மா கெஞ்சிப் பாத்தாங்க, "நான் ஜெராக்ஸ் எடுக்கறவன்க்கா, என்னைய விடுங்க"ன்னுட்டாரு. ஆனா ஒரே மாதிரி பேர்ல நாலு காலேஜ் இருக்கும், பேரப் பாத்து போடாத, காலேஜ் கோட் நம்பரப் பாத்து போடுன்னு மட்டும் எல்லாருக்கும் சொல்றாரு. சாய்ஸ் எத்தனை வேணா போடலாம், உனக்குப் புடிச்ச வரிசையில போடு, கிடைக்குமா கிடைக்காதான்னு பயந்துகிட்டு கீழ இருக்கறத மேல போட்டுறாதன்னும் சொல்றாரு. இது தெரியாம சீட்டு விட்டவங்க நெறய பேரு.

சரி பெஞ்சுக்கு வருவோம். நெசமா இந்த ரிவியூவ எழுதறதே அந்த பெஞ்சுக்காகத்தான். அன்னிக்கு சர்வர் ஸ்லோ, ஸ்கேன் பண்ணினது எல்லாம் ஃபைல் சைஸ் பெருசுன்னு திரும்பித் திரும்பி வந்துச்சு, அதனால ஆறேழு பசங்க வரிசையா உக்காந்திருந்தாங்க, ஒருத்தருக்கொருத்தர் தெரியாது, அரை மணி நேரத்துல எல்லாரும் கட் ஆஃப் சொல்லிக்கிட்டாங்க. மேத்ஸ் அப்படியே, பிசிக்ஸ்ல பாதி, கெமிஸ்ட்ரில பாதி, 200க்கு எவ்ளோன்னு. எங்க பையன் கேட்ட ஒரே கேள்வி "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா". கிடைக்கலன்னா ஐடி, அதுவும் இல்லன்னா ஏஐ டேட்டா சயின்ஸ், அதுவும் இல்லன்னா என்னடான்னு பக்கத்துல இருந்தவன் கேக்க, "அதுவும் இல்லன்னா எங்கம்மா அழும்"ங்கறான். அவனுக்கு என்ன புடிக்கும்னு எனக்கு இது வரைக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு.

பக்கத்துல இருந்தவன் அம்மாப்பேட்டை பையன், தறிக்காரங்க வீடு. மேத்ஸ் 88, பிசிக்ஸ் 82, கெமிஸ்ட்ரி 78, ஆக 168. ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல், அதனால 7.5 சதவீத ஒதுக்கீடு வேற இருக்கு, 2021ல இருந்து இன்ஜினியரிங்குக்கும் அது உண்டு, அதுல சீட்டு வாங்கினா ஃபீஸ் கவர்மெண்ட்டே கட்டிரும். கருப்பூர் கவர்மெண்ட் காலேஜே கிடைக்கும்டா உனக்குன்னு எல்லாரும் ஏத்தி விடறாங்க. அவன் என்னடான்னா ஹேண்ட்லூம் இன்ஸ்டிட்யூட்ல டிப்ளமோ சேரலாமான்னு யோசிக்கறேங்கறான். நம்ம சேலத்துலயே 1960ல இருந்து இருக்கற அந்த கைத்தறி தொழில்நுட்ப நிறுவனம்தான், மத்திய அரசோடது. மூணு வருச கோர்ஸ், பத்தாவது முடிச்சாலே சேரலாம். "பத்தாவதுக்கு சேர வேண்டியதுக்கு பன்னெண்டாவது எதுக்குடா படிச்ச, லூசாடா நீ"ன்னு ஒருத்தன் கத்தினான்.

அவன் கோவப்படல. அவங்கப்பா குழித்தறியில காலத் தொங்கப் போட்டு 30 வருசமாச்சாம், "நான்தான் குழிக்குள்ள கெடக்கறேன், நீயாவது கால வெளிய எடு"ன்னு சொல்லிட்டாராம். இவன் சொல்றான், "எங்கப்பா நெய்யறாரு, டிசைன் யாரோ குடுக்கறாங்க, வெல யாரோ போடறாங்க, அந்த யாரோ யாருன்னு எனக்குத் தெரியணும்"னு. பெஞ்சே கொஞ்ச நேரம் கம்முனு ஆயிருச்சு. அவன் சொல்றது சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஃபீஸ் இல்லாம டிகிரி கிடைக்கறப்ப விடறது எனக்கு மனசு ஒப்பல, அதையும் சொன்னேன். "ரெண்டுக்கும் போட்டு வெக்கறேங்க்கா"ன்னான், அது வரைக்கும் நிம்மதி.

அப்புறம் செவ்வாய்ப்பேட்டையில இருந்து ஒரு பொண்ணு, வெள்ளிக் கொலுசு பட்டறை வச்சிருக்கறவர் மக. இன்ஜினியரிங்கே இல்ல, சிஏ படிக்கணும்னு வந்திருக்கா. 2017ல ஜிஎஸ்டி வந்தப்ப அவளுக்கு ஒம்பது பத்து வயசு இருக்கும், அப்பா பில்லுக் கட்டத் தூக்கிட்டு ஆடிட்டர் ஆபீஸ் வாசல்ல நின்னத இன்னும் சொல்றா. சிஏவோட முதல் பரிட்சை ஃபவுண்டேசன்ல நாலு பேப்பர், இப்ப வருசத்துக்கு மூணு தடவ எழுதலாம், நடுவுல அரசு கலைக் கல்லூரியில பிகாமுக்கும் போட்டுக்கறேன்னு விரல் விட்டு எண்ணி எண்ணி சொல்லுச்சு. இந்த வயசுல எனக்கு இந்தத் தெளிவு சுத்தமா கிடையாது. ஏற்காட்டுல இருந்து வந்த இன்னொரு பொண்ணு மட்டும் எதுவும் பேசல, முதல் பஸ்ஸுக்கே இறங்கி இருபது வளைவும் வாந்தி எடுத்துட்டு வந்தேன்னு சொல்லிட்டு சாஞ்சு உக்காந்துக்குச்சு, பாவம், அதுக்கு மட்டும் அண்ணன் வரிசையில முன்னாடி விட்டாரு, யாரும் எதுவும் சொல்லல.

நான் போனது 2014. அப்ப ஆன்லைன் கிடையாது, 2018லதான் ஆன்லைன் ஆச்சு. அப்பாவும் நானும் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ஏறி மெட்ராஸ் போயி அண்ணா யுனிவர்சிட்டில ஸ்கிரீன பாத்துகிட்டே நின்னு, கண்ணு முன்னாடி சீட்டு ஒண்ணொண்ணா காலியாக, கடைசில அப்பா சொன்ன ஈஈஈ, அதான் எலக்ட்ரிகல், எடுத்தேன், இன்னிக்கு வரைக்கும் ஒரு வயரக்கூட தொடல, சாஃப்ட்வேர் டெஸ்டிங்லதான் இருக்கேன். பெஞ்சுல கேட்டாங்கன்னு இதச் சொன்னேன். "அப்ப எத எடுத்தாலும் ஐடி தானாக்கா"ன்னு எங்க பையன் கேட்டான். அப்படிச் சொல்லணும்னு சொல்லலடா நான்.

இப்ப குறை. ஒரே ஒரு பிரிண்டர், அதுலயும் கலர் மங்கல். ஸ்கேனர் கண்ணாடில ஒரு கீறல், எல்லாப் பேப்பர்லயும் நடுவுல கோடு விழுது, கேட்டா "அது ஒண்ணும் பண்ணாது"ங்கறாரு, ஒண்ணும் பண்ணலதான், ஆனாலும் மார்க் சீட்ல கோடு பாத்தா பக்குனு இருக்கு. கரண்ட் போச்சுன்னா யூபிஎஸ் பத்து நிமிசம் தாங்கும், எங்களுக்கு முன்னாடி போனவன் பணம் கட்டற பக்கத்துல இருக்கறப்ப கரண்ட் போயி 500 ரூபா போச்சா போலையான்னு தெரியாம வேர்த்து ஊத்துச்சு, அப்புறம் பாத்தா போகவே இல்ல. பாத்ரூம் இல்ல. பொண்ணுங்களோட போறவங்க இத யோசிச்சுக்கங்க. கட்டணம் ஓகே, எங்ககிட்ட ஸ்கேன், பிரிண்ட், எல்லாம் சேத்து 120 வாங்கினாரு, சில்ற இல்லன்னா ஜிபே பண்ணலாம், ஆனா சிக்னலுக்கு சந்து முனைக்கு நடக்கணும்.

பசிச்சா எதுத்த வண்டியில தட்டுவடை செட் சாப்புடுங்க, காரம் கம்மியா கேளுங்க, இல்லன்னா கண்ணுல தண்ணியோட உள்ள போயி ஃபோட்டோவுக்கு நிக்க வேண்டி வரும். நொறுக்கலும் இருக்கு, அது சுமார்.

ஒரிஜினல் மட்டும் ஒண்ணுக்கு ரெண்டு தடவ எண்ணிப் பாத்து எடுத்துட்டு வாங்க. வீட்டுக்கு வந்து ஃபைலப் பாத்தா எங்க பையனோட பத்தாவது மார்க் சீட்டக் காணோம். சித்தி சத்தம் போட ஆரம்பிக்கறதுக்குள்ள நான் வண்டிய எடுத்துட்டுப் போனேன். அண்ணன் ஒண்ணும் பேசாம கல்லாவுக்குக் கீழ இருந்து ஒரு பழைய செருப்பு டப்பாவ எடுத்தாரு, உள்ள பதினஞ்சு இருவது பேர் மார்க் சீட்டு, கம்யூனிட்டி சர்டிபிகேட்டு, ஒவ்வொண்ணும் தனித்தனி பிளாஸ்டிக் கவர்ல. நம்மளது மேலயே இருந்துச்சு. அதுக்கு அடியில இருந்த கவர்ல 2019னு தேதி.

"இது யாருதுண்ணா, வரவே இல்லையா?"ன்னு கேட்டேன்.

"வரும் கண்ணு"ன்னு சொல்லி டப்பாவ மூடி உள்ள வச்சுட்டாரு.