தமிழில் எழுதிய அட்டைகள்: ஆன்கியோடு இரண்டு கோடை லீவு

எங்கள் பள்ளியில் அறிவியல் எடுக்கும் டீச்சர் போன வாரம் கேட்டார்: "சார், இந்த மே லீவில் நானும் ஜப்பானீஸ் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். அந்த ஆன்கி ஆப் நல்லா இருக்கா?" ஆரம்பாக்கத்தில் இப்படி யாராவது கேட்பது அதிசயமில்லை. ரயிலில் அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டியில் இசுசு, கோபெல்கோ என்று ஜப்பான் கம்பெனிகள் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளின் அப்பா, அண்ணன் என்று பலர் ஷிஃப்டுக்கு அங்கேதான் போகிறார்கள். அன்றைக்கு டீச்சரிடம் "நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அது முழுப் பதில் இல்லை.

ஆன்கி எப்படி வேலை செய்யும் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில் என்று அட்டைகளை வைத்துப் படிக்கும் ஆப் அது. நாம் மறக்கப்போகும் நேரமாகப் பார்த்து அட்டையை மறுபடி காட்டும். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. பெயரே 'மனப்பாடம்' என்ற ஜப்பானியச் சொல்தான்.

2023 மே மாதம் யாரோ பகிர்ந்திருந்த ஒரு ரெடிமேட் அட்டைக்கட்டை இறக்கித் தொடங்கினேன். முன்பக்கம் ஜப்பானியம், பின்பக்கம் இங்கிலீஷ். அதில் 'தபெதெ மிரு' என்று ஒரு அட்டை. பின்னால் 'ட்ரை ஈட்டிங்' என்று இருக்கும். எனக்கு அது நிற்கவே இல்லை. எட்டு முறை தவறினால் ஆன்கி அந்த அட்டைக்கு 'லீச்' என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடும். ஒதுக்கியும் விட்டது. அதே வாரம் ஒரு மத்தியானம் அம்மா பழவேற்காட்டு இறால் தொக்கைத் தட்டில் வைத்து, "உப்பு சரியா இருக்கா, சாப்பிட்டுப் பாரு" என்றார். தபெதெ என்றால் சாப்பிட்டு. மிரு என்றால் பார். அவ்வளவுதான்! சொல்லுக்குச் சொல் அப்படியே நம் வாய்ப்பேச்சு. இதை இங்கிலீஷைச் சுற்றிக்கொண்டு போய்த் தேடியதில் இரண்டு வாரம் வீணாகியிருந்தது.

அன்று ராத்திரியே அந்தக் கட்டை அழித்துவிட்டு நானே தமிழில் எழுத ஆரம்பித்தேன். 'கத்தெ ஒகு', வாங்கி வை. 'ஒகு' என்றாலே வைப்பதுதான். 'கினோ கித ஹிதொ', நேற்று வந்த ஆள். மூன்று சொல்லுக்கு மூன்று சொல், வரிசைகூட மாறவில்லை. 'வருகிறேன் என்று சொன்னான்' என்பதில் நம் 'என்று' நிற்கும் இடத்தில் அவர்களுக்குத் 'தொ'. 'கொரெ, சொரெ, அரெ, தொரெ' நான்கையும் இது, உது, அது, எது என்று எழுதிவைத்தேன். 'உது' இங்கே வழக்கொழிந்துவிட்டது, யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கிறது. ஜப்பானியரின் எழுத்து வரிசையைக்கூட அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று நாம் ஒப்பிக்கலாம். பௌத்தத்தோடு போன இந்திய எழுத்து முறையிலிருந்து வந்த வரிசை அது. இதையெல்லாம் வைத்து இரண்டும் ஒரு தாய் மொழிகள் என்று நான் சொல்லவில்லை. படிப்பவருக்கு எவ்வளவு பெரிய ஒத்தாசை என்பதைத்தான் சொல்கிறேன்.

காதுக்கும் அப்படித்தான். 'ஒபசான்' அத்தை, 'ஒபாசான்' பாட்டி. 'கிதெ' வந்து, 'கித்தெ' தபால்தலை. குறில் நெடிலும் ஒற்றும் பழகிய நமக்கு இது தடுமாற்றமே தராது. ஆனால் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். வானிலையும் மின்சாரமும் நம் எழுத்தில் ஒரே 'தென்கி' ஆகிவிடும். முதலாவது 'தயிர்' என்பதில் வரும் த, இரண்டாவது 'தர்மம்' என்பதில் வரும் த. முன்பக்கம் ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகானாவே இருக்கட்டும், பொருள் மட்டும் தமிழில். 'வ', 'க' என்ற இரண்டு உருபுகளிலும், சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளிலும் தமிழ் கைகொடுக்கவில்லை. அங்கே எல்லாரையும் போல உருப்போட வேண்டியதுதான்.

அப்புறம் நிலுவை. இதை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. லீவில் நாளுக்கு 20 புதிய அட்டை சுலபமாகப் போகும். ஜூனில் பள்ளி திறந்ததும் பாடப்புத்தகம் கொடுப்பது, சேர்க்கை வேலை என்று ஐந்து நாள் ஆன்கியைத் திறக்க முடியவில்லை. திறந்தால் 200 காத்திருக்கிறது. உட்கார்ந்து முடித்தேன். மறுநாளும் 200. அதற்கு மறுநாளும் அதே 200. நாளுக்கு 200 அட்டைதான் காட்டும் என்ற உச்சவரம்பு முதலிலிருந்தே அமைப்பில் இருக்கிறது, அதற்குப் பின்னால் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது அதில் தெரியாது. ஒன்பது நாள் அந்த எண் அசையவே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு விடைத்தாளை ஒதுக்கிவைத்து அட்டை தட்டிக்கொண்டிருந்தேன். ஆசையாக ஆரம்பித்த படிப்பு கடன் தவணை மாதிரி ஆகிவிட்டது. நாளுக்கு ஏழு புதிய அட்டை என்று குறைத்த பிறகுதான் மூச்சு வந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

2024 டிசம்பரில் சென்னையில் ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வின் முதல் படியான என்5 எழுதினேன். தேற 180க்கு 80 வேண்டும், கேட்டலில் தனியாக 60க்கு 19 வேண்டும். மொத்தத்தில் நன்றாகவே வந்தேன். கேட்டலில் 23தான். ஒன்றரை வருடம் திரையைப் பார்த்துப் படித்தேனே தவிர, ஒருவர் பேசிக் கேட்கவில்லை. தேர்வு அறையில் அந்த ஒலிப்பதிவு ஓடியபோது, தெரிந்த சொற்களே பிடிபடாமல் போனது ரொம்ப வலித்தது.

அதனால் டீச்சர், எனக்கு இந்த மொழியைத் திறந்துவிட்டது ஆன்கிதான் என்றாலும், இந்த லீவில் நீங்கள் அதை இறக்க வேண்டாம். முதல் மாதம் ஒரு நோட்டு வாங்கி, காதால் கேட்டதன் பொருளைத் தமிழில் எழுதுங்கள். என் 900 அட்டையை அனுப்பச் சொல்லிக் கேட்டீர்கள். அனுப்பமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'சாப்பிட்டுப் பாரு' உங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து வர வேண்டும்.