மதிப்பெண் பட்டியலுக்குப் பாண்டாஸ்

கூட்டல், கிரேடு, ரேங்க் மூன்றையும் சில வரிகளில் முடித்துத் தரும், பைத்தான் நிரல்மொழிக்கான நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) பாண்டாஸ். இலவசம், தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

வராதவருக்கு ‘ஏபி’ என்றிருந்தால்தான் வம்பு. அந்த நெடுவரிசை முழுதும் எண்ணாக இல்லாமல் எழுத்தாகிவிடும். வரிசைப்படுத்தினால் 35க்கு முன்னால் 100 வந்து நிற்கும். எண்ணாக மாற்றும் ‘டு நியூமெரிக்’ கட்டளையில் ‘எரர்ஸ்’ஸை ‘கோயர்ஸ்’ என வையுங்கள், ‘ஏபி’ வெற்றிடமாகும். அப்படியே சராசரி எடுத்தால் 5 பாடத்தில் 4 எழுதியவருக்கு 4ஆல்தான் வகுக்கும். மற்ற பிள்ளைகளுக்கு இது அநியாயம். ‘ஃபில்என்ஏ’வால் பூஜ்யம் நிரப்புங்கள்.

கிரேடுக்கு, மதிப்பெண்களை எல்லைவாரியாகப் பிரிக்கும் ‘கட்’ போதும். ஆனால் அதில் ‘ரைட்’ என்ற அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்காவிட்டால் சரியாக 90 எடுத்தவர் கீழ் கிரேடுக்குப் போய்விடுவார். ஆக்கியபின் மேல் எல்லை 101 ஆக இருக்கட்டும், இல்லையேல் 100க்குக் கிரேடே வராது.

‘ரேங்க்’கில் ‘அசெண்டிங்’கை ‘ஃபால்ஸ்’ என்றும், ‘மெத்தட்’டை ‘மின்’ என்றும் வையுங்கள். ‘மெத்தட்’டை விட்டால் முதலிடத்தைப் பகிரும் இருவருக்கும் 1.5 என்று வரும்.