காது வில்லை: இந்தியா, ஆஸ்திரேலியா, உருகுவே – எந்த வழி நமக்கு ஏற்றது?

நம்மூர் மாட்டுச் சந்தையில் இன்றைக்கும் பல்லும் சுழியும்தான் பேசும். வாயைப் பிளந்து நாலு பல்லா ஆறு பல்லா என்று பார்ப்பார்கள், சுழியைத் தேடுவார்கள், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலையை முடிப்பார்கள். காதில் தொங்கும் மஞ்சள் வில்லை விலைப் பேச்சுக்குள் வருவதே இல்லை. 'பசு ஆதார்' என்று பெயர், 12 இலக்க எண். ஆனால் கோமாரித் தடுப்பூசிக்கும் சினை ஊசிக்கும் காப்பீட்டுக்கும் தவிர அதற்கு வேலை கிடையாது.

வில்லையில் பெரிய குறை எதுவும் இல்லை. பார்கோடு உண்டு, விலை மலிவு. சேறு அப்பினால் துடைத்துவிட்டு எண்ணைக் கையால் தட்ட வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் வேறு இடத்தில். மாடு கை மாறும்போது பதிவையும் மாற்றுவது யார் பொறுப்பு? சந்தையில் அதைக் கேட்க ஆள் இல்லை. மாடு ஈரோட்டில் விற்றுப் போயிருக்கும், பதிவில் பழைய பட்டியிலேயே நின்றுகொண்டிருக்கும்.

ஆஸ்திரேலியா இதைத்தான் முதலில் பிடித்தது. 2005 முதல் மாடுகளுக்கு நாடு முழுக்க சிப் வைத்த வில்லை கட்டாயம். பிறந்த பண்ணையில் போட்டால் வெள்ளை, வேறு பண்ணைக்குப் போன பிறகு போட்டால் ஆரஞ்சு. மாட்டை வாங்கிக் கொண்டுபோகிறவர்தான் இடமாற்றத்தைப் பதிய வேண்டும். ஏலச் சந்தை வழியாகப் போனால் சந்தைக்காரர்களே பதிந்துவிடுவார்கள். விற்றவர் தலையில் சுமை இல்லை. ஆனால் வில்லைக் காசு பண்ணைக்காரருடையது. ஆயிரம் மாடு வைத்திருப்பவருக்கு அது ஒரு செலவுக் கணக்கு. இரண்டு கறவை வைத்திருக்கும் நம்மூர் அம்மாவிடம் போய்க் கேட்க முடியாது.

உருகுவே காசை வேறு மாதிரி தீர்த்தது. 2001-ல் கோமாரி வந்து இறைச்சி ஏற்றுமதி படுத்த பிறகு, 2006-ல் சட்டம் போட்டு ஒவ்வொரு கன்றுக்கும் இரண்டு வில்லை என்றார்கள்: ஒன்று கண்ணால் படிக்க, இன்னொன்று கருவியால் படிக்க. தொடங்கும்போது செலவை அரசே ஏற்றது. மனிதர்களைவிட மாடுகள் மூன்று மடங்குக்கு மேல் உள்ள நாடு அது. ஏற்றுமதிதான் பிழைப்பு என்பதால் யாரும் பெரிதாக முனகவில்லை போலும்.

அமெரிக்காவை இங்கே இழுக்க வேண்டாம். மேற்கு மாநிலங்களில் சூடு போட்ட குறிக்கு இன்னும் மவுசு. மாநில எல்லை தாண்டும் குறிப்பிட்ட சில வகை மாடுகளுக்கு மட்டும் மின்னணு வில்லை என்று 2024 நவம்பரில்தான் விதி அமலானது.

சரி, நாம் சட்டத்தைப் புதுப்பிக்கப் பார்த்ததே இல்லையா? 2017 மே மாதம் மத்திய அரசு கால்நடைச் சந்தை விதிகளைக் கொண்டுவந்தது. வெட்டுக்கு விற்கவில்லை என்று எழுத்தில் உறுதிமொழி, வாங்குபவர் விவசாயி என்பதற்குச் சான்று, விற்பனைச் சீட்டு ஐந்து படிகள். ஒரு வாரத்திலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை போட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுக்க நீட்டியது. அடையாளம் காண்பதையும் எதற்கு விற்கலாம் என்பதையும் ஒரே முடிச்சில் கட்டியதுதான் தப்பு. வில்லையை வைத்து வண்டியை மடக்குவார்கள் என்ற பயம் வந்துவிட்டால், வண்டி ஏறும் முன்பே வில்லையை அறுத்து எறிந்துவிடுவார்கள். நோய் எங்கிருந்து வந்தது என்று தேடும்போது கிழிந்த காதுதான் மிஞ்சும்.

என் ஓட்டு ஒரு கலவைக்கு. காசு உருகுவே வழி, பொறுப்பு ஆஸ்திரேலியா வழி, வில்லை இப்போது இருப்பதே போதும். சிப்பை முதல் நாளே எல்லா மாட்டுக்கும் மாட்ட வேண்டியதில்லை. சந்தை வாசலில் சுங்கச் சீட்டு கிழிக்கும் ஆளிடம் ஒரு ஸ்கேனரைக் கொடுத்து, வாங்குபவர் பெயருக்குப் பதிவை மாற்றச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. வெட்டு விவகாரம் வில்லைக்கான சட்டத்துக்குள் வரவே கூடாது.

ஆடுகளை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஆஸ்திரேலியாவே செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும், 2025 ஜனவரி 1 முதல் பிறக்கும் குட்டிகளிலிருந்துதான் சிப் வில்லையை நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது.