உதறியவரும் பகிர்ந்தவரும்

போதுமென்ற மனதுக்குக் கிறிஸ்தவத்தில் இரண்டு வழிகளைப் பார்க்கிறேன். இத்தாலியத் துறவி அசிசி பிரான்சிஸ் துணி வியாபாரியின் மகன். ஆயர் (பிஷப்) முன்னால் உடுத்தியிருந்ததையும் கழற்றி அப்பாவிடமே கொடுத்துவிட்டார். அப்புறம், தன்னைப் பின்பற்றிய துறவிச் சகோதரர்கள் காசே வாங்கக் கூடாது என்று விதியும் வைத்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லியோ சம்பாதிக்கச் சொன்னார். ஆக்ஸ்போர்டில் ஆண்டு வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28-இல் வாழ்ந்து, 2-ஐக் கொடுத்தார். அடுத்த ஆண்டு 60 வந்தது. செலவு அதே 28, மீதி 32 ஏழைகளுக்கு. 90, 120 என்று ஏறியபோதும் செலவு 28தான். (அப்போது அவருக்குத் திருமணமாகவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.)

பிரான்சிஸை நினைத்தால் நெஞ்சு உருகுகிறது. ஆனால் பள்ளிக் கட்டணம் கட்டுகிற எனக்கு வெஸ்லிதான் கைக்கு எட்டுகிறார். சம்பளம் உயர்ந்த மாதம் பெரிய டிவியைப் பார்த்துவிட்டு, அந்த 28 நினைவுக்கு வர, வாங்காமல் திரும்பினேன்.