கியூட் டிசைனர்: பார்க்கப் பழசு, வேலையில் கெட்டி

சி பிளஸ் பிளஸ் அல்லது பைத்தானில் டெஸ்க்டாப் மென்பொருள் எழுதுகிறீர்கள், அதற்கு ஒழுங்கான முகப்பு வேண்டும் என்றால், கியூட் (Qt) முகப்புகளை இழுத்துப் போட்டு வடிவமைக்கும் கருவியான கியூட் டிசைனரைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் விட்ஜெட் பெட்டி (பட்டன், லேபிள் போன்ற திரை உறுப்புகள் இருக்கும் இடம்), நடுவில் நாம் வடிவமைக்கும் ஜன்னலான ஃபார்ம், இன்னொரு பக்கம் முடிவே இல்லாமல் நீளும் பண்புப் பட்டியல். பார்த்ததும் மயங்க வைக்கிற கருவி இல்லை. ஆனால் வெறும் படமாக வரைகிற டிசைன் கருவிகளில் நம் கண்ணுக்குத் தப்பிவிடும் விஷயங்களை இது வடிவமைக்கும்போதே யோசிக்க வைக்கிறது, எனக்கு இதன்மேல் மதிப்பு வந்ததே அதனால்தான்.

முக்கியமானது லேஅவுட், அதாவது உறுப்புகளை ஒழுங்காக அடுக்கும் முறை. பட்டன்களை இஷ்டப்பட்ட இடத்தில் இழுத்துப் போட்டால் அழகாகத்தான் இருக்கும், ஜன்னலைப் பெரிதாக்கினால் எல்லாம் ஒரு மூலையிலேயே நிற்கும். ஃபார்மின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து மொத்த ஃபார்முக்கும் லேஅவுட் கொடுக்க வேண்டும். புதியவர்கள் உள்ளே இருக்கும் விட்ஜெட்டுகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு இதை விட்டுவிடுவார்கள். எது நீளலாம், எது அப்படியே நிற்க வேண்டும் என்பதை சைஸ் பாலிசியில் சொல்லிவிட்டால், எழுத்தளவு கூடினாலும் வேறு மொழியில் லேபிள் நீண்டாலும் ஃபார்ம் தானாக இடம் கொடுக்கும். கன்ட்ரோல் ஆர் அழுத்தினால் முன்னோட்டம் வரும், ஜன்னல் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கீபோர்டு. டேப் ஆர்டருக்கென்றே (டேப் விசையை அழுத்தும்போது பெட்டிகளுக்குள் போகும் வரிசை) தனி முறை இருக்கிறது, ஒவ்வொரு பெட்டியின் மேலும் எண் தெரியும், வேண்டிய வரிசையில் கிளிக் செய்துகொண்டே போனால் போதும். லேபிளை அதற்குரிய பெட்டியோடு 'buddy' (கூட்டாளி) என்று இணைத்து, லேபிளில் ஓர் எழுத்துக்கு முன்னால் ஆம்பர்சாண்ட் (&) போட்டால் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆல்ட்டோடு அந்த எழுத்தை அழுத்தி நேராக அந்தப் பெட்டிக்குப் போகலாம். நாள் முழுக்கத் தகவல் உள்ளிடுபவருக்கு மவுஸைத் தொடாமல் வேலை முடிவது எவ்வளவு பெரிய விஷயம்! திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்களுக்காக அணுகல் பெயர் கொடுக்கும் இடமும் பண்புப் பட்டியலிலேயே இருக்கிறது, தயவுசெய்து அதைக் காலியாக விடாதீர்கள்.

ஓகே, கேன்சல் பட்டன்களைத் தனித்தனியாக வைக்காமல் டயலாக் பட்டன் பாக்ஸையே வையுங்கள். விண்டோஸில் ஓகே முன்னால் வரும், மேக்கில் கடைசியில் வரும், அந்த வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. ஃபார்மின் ஒரே ஒரு நிலையைத்தான் வரைய முடியும். தகவல் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது, பட்டியல் காலியாக இருக்கும்போது, தப்பாக உள்ளிடும்போது திரை எப்படி இருக்கும் என்பதை ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டும் ஸ்டேக்டு விட்ஜெட்டில் தனித்தனிப் பக்கங்களாகப் பிரித்து, மீதியைக் கோடில்தான் எழுத வேண்டும். பயனர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான் என்பதால் இது எனக்குப் பெரிய குறை. நிறங்களுக்கும் துணை இல்லை: ஸ்டைல் ஷீட்டில் வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளைப் பின்னணியில் போட்டாலும் எச்சரிக்காது. சாதாரண எழுத்துக்கு அணுகல் வழிகாட்டி (WCAG) கேட்கும் 4.5:1 நிற வேறுபாடு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே இருக்கிறதா என்று வெளியே எங்காவதுதான் பார்க்க வேண்டும். நிறத்தை நேரடியாக எழுதிவிட்டால் டார்க் தீமில் எழுத்தே தெரியாமல் போகலாம், அதனால் முடிந்தவரை சிஸ்டம் பேலட்டையே (கணினியின் தீம் தரும் நிறங்களை) அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

விரலால் தொட்டு இயக்கும் திரைகளுக்கு இது சரிப்படாது, அதற்கு கியூட்டிலேயே இருக்கும் இன்னொரு முகப்பு மொழியான கியூஎம்எல் (QML) பக்கம் போங்கள். படிவங்கள், அட்டவணைகள், அமைப்புப் பக்கங்கள் நிறைந்த மென்பொருளுக்கு நான் இன்னும் இதைத்தான் முதலில் திறப்பேன்.