ரேடியேட்டர் ஃபேன்: தெர்மோ ஸ்விட்சா, எலக்ட்ரானிக் கன்ட்ரோலரா?

பெல்ட்டில் சுற்றும் ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டுவது என்று முடிவு செய்ததும் அடுத்த கேள்வி, அதை எது ஆன் செய்யப் போகிறது என்பதுதான். டாஷ்போர்டில் ஸ்விட்ச் வைத்துக் கையால் போடுவதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, நெரிசலில் ஒரு தடவை மறந்தால் போதும், இன்ஜின் கொதித்து ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் தகடு) போய்விடும். மீதி மூன்று வழிகள்: ரேடியேட்டரில் திருகும் தெர்மோ ஸ்விட்சும் (குறிப்பிட்ட சூட்டில் தானே ஆன் ஆவது) ரிலேயும் (சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன் செய்வது), சென்சாரை ரேடியேட்டரில் செருகிக் குமிழைத் திருகி வெப்பநிலை வைக்கும் கன்ட்ரோலர், கரண்டை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து ஃபேனின் வேகத்தையே கூட்டிக் குறைக்கும் பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர். நான் போட்டிருப்பது முதலாவது.

குமிழ் வைத்தது மாட்டச் சுலபம், கூலன்ட்டை வடிக்க வேண்டாம். ஆனால் அந்த சென்சார் பார்ப்பது தகடுகளின் சூட்டைத்தான், உள்ளே ஓடும் தண்ணீரை அல்ல. அதிர்வில் கொஞ்சம் நகர்ந்தாலே ஃபேன் ஆன் ஆகும் இடம் மாறிவிடும். எனக்கு இது பிடிக்கவில்லை.

பி.டபிள்யூ.எம்.மை அப்படித் தள்ள முடியாது. ஃபேன் ஓடும்போது 15, 20 ஆம்பியர் இழுக்கிறது என்றால், கிளம்பும் நொடியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், ஹெட்லைட் மங்குவது கண்ணுக்கே தெரியும். இது மெதுவாகக் கிளப்புவதால் அந்த இடி இல்லை, சத்தமும் குறைவு. ஆனால் நண்பர் ஒருவரின் வண்டியில் பார்த்ததோடு சரி, இன்ஜின் சூட்டில் பல வருடம் கிடந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லுமளவு எனக்கு அனுபவம் இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: வழியில் ஃபேன் நின்றால் அங்கேயே ஓடவைக்க முடியுமா? தெர்மோ ஸ்விட்ச் போனால் அதன் கனெக்டரைப் பிடுங்கி, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால் ஃபேன் ஓடும். ரிலே போனால், பின் அமைப்பு ஒன்றாக இருக்கும் பட்சத்தில், ஹாரன் ரிலேயைப் பிடுங்கிச் செருகலாம், அதுவும் இல்லையா, ரிலே சாக்கெட்டில் 30, 87 என்று எண் போட்ட இரண்டு முனைகளையும் தடித்த வயரால் இணைத்துவிடலாம். எங்கே கோளாறு என்று ஒரு டெஸ்ட் லாம்ப்பை வைத்தே கண்டுபிடிக்கலாம். மூடி ஒட்டிய கன்ட்ரோலர் பெட்டி செத்தால் உள்ளே என்ன போனது என்றே தெரியாது, ஃபேனுக்கு நேரடியாக பேட்டரி வயரை இழுப்பது ஒன்றுதான் வழி, அப்புறம் புதுப் பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வயரிங்கும் எளிதுதான். பேட்டரியிலிருந்து, அதன் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வைத்து, ரிலேயின் 30-க்கு, 87-லிருந்து ஃபேனுக்கு, ஃபேனின் மறுமுனை நல்ல எர்த்துக்கு. ரிலே காயிலின் ஒரு முனையான 86-க்கு இக்னிஷன் சப்ளை, மறுமுனையான 85-லிருந்து தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த். ரிலே காயில் இழுப்பது ஒரு ஆம்பியரில் கால் பங்குகூட இருக்காது என்பதால் ஸ்விட்சின் உள்தொடர்புகள் கருகாது. இரண்டு முனை ஸ்விட்ச்தான் நல்லது, எர்த்துக்கு ரேடியேட்டரை நம்ப வேண்டியதில்லை. 30-க்கு மட்டும் இக்னிஷன் லைனிலிருந்து சப்ளை எடுக்காதீர்கள். சாவி ஸ்விட்ச் அந்தச் சுமையைத் தாங்காது என்பது ஒருபுறம், சாவியை அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் ஜெனரேட்டராக மாறி அந்த லைனுக்கே கரண்ட் கொடுத்து இன்ஜினைச் சில நொடிகள் ஓடவைக்கும்.

குறை என்று பார்த்தால், வெப்பநிலையை மாற்ற வேண்டுமானால் வேறு ஸ்விட்ச்தான் வாங்க வேண்டும். அதனால் வாங்கும்போதே சரியாகப் பார்த்து வாங்குங்கள். தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) 82 டிகிரியில் திறக்கும் என்றால், மேல் ஹோஸில் வைக்க 92-ல் ஆன், 87-ல் ஆஃப் ஆகும் ஸ்விட்ச் பொருந்தும். ஆஃப் ஆகும் அளவு தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே போனால் ஃபேன் நிற்கவே நிற்காது. கீழ்ப்பக்கம் வைத்தால் தண்ணீர் ஏற்கெனவே ஆறியிருக்கும், சில டிகிரி குறைவானதை எடுக்க வேண்டும்.

இரட்டை ஃபேன், சின்ன ஆல்டர்னேட்டர் என்று இருக்கும் வண்டிக்கு மட்டும் பி.டபிள்யூ.எம். பக்கம் போகச் சொல்வேன், அதிலும் பெட்டியைத் தாண்டி ஃபேனை நேரடியாக ஓட்ட ஃபியூஸோடு ஒரு தனி ரிலேயை முதலிலேயே போட்டுவைத்தால்.